ஆட்டோரன்ஸ் ரிவ்யூ: கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எது ஓடணும்னு நாம தான் முடிவு பண்ணணும்

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆக ரொம்ப நேரம் எடுக்குது, புதுசு ஒண்ணு வாங்கணும்னு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னால இந்த ஒரு டூலை ஒருக்கா ஓட்டி பாருங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். பேரு ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்துல இலவசமா கிடைக்குது, சில எம்பி தான் இருக்கும், இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ஜிப்பை பிரிச்சு டபுள் கிளிக் பண்ணுனா போதும். விண்டோஸ் ஆன் ஆகும்போது கூடவே எந்திரிச்சு ஓடுற எல்லாத்தையும் ஒரே ஜன்னல்ல வரிசையா காட்டும், வேண்டாததுக்கு முன்னால இருக்க டிக்கை எடுத்தா அடுத்த தடவை அது தானா ஓடாது. இவ்வளவு தான் இதுக்க வேலை, ஆனா இந்த வேலைய இது செய்யுற அளவுக்கு வேற எதுவும் செஞ்சு நான் பாத்ததில்ல.

நான் இத அதிகமா யூஸ் பண்ணுனது தக்கலையில எங்க மச்சானுக்க டிடிபி கடையில தான். ஜெராக்ஸ், கல்யாண லெட்டர், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், நீத்தார் அறிவிப்பு, பான் கார்டு, ஆன்லைன் அப்ளிகேஷன்னு எல்லாம் நடக்கிற கடை. அங்க இருக்க மெஷின் ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதுல ரெண்டு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், கைரேகை மெஷின், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், பொறவு யாரோ எப்பமோ இன்ஸ்டால் பண்ணிட்டு போன சாமானம் எல்லாம் கெடக்கு. நம்ம மாவட்டத்துல ஜூன் ஜூலை மழையில மரம் லைன்ல சாஞ்சா கரண்டு போறது உங்களுக்கே தெரியும், யுபிஎஸ் பேட்டரி வீக்கா இருந்தா கரண்டு போற ஒவ்வொரு தடவையும் மெஷின் திரும்ப முதல்ல இருந்து ஆன் ஆகணும், கஸ்டமர் நின்னுக்கிட்டு இருப்பாங்க. "எல மக்கா, இது ஆன் ஆவதுக்குள்ள நான் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வந்திருவேன் பாத்துக்கோ"ன்னு மச்சான் சொல்லுவாரு, அது உண்மைதான், டெஸ்க்டாப் தெரிஞ்ச பொறவும் ஒரு ஃபோல்டரை தொறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். சர்வீஸ் கடையில கேட்டதுக்கு ஃபார்மட் அடிச்சிரலாம்னு சொன்னாங்களாம். ஃபார்மட் அடிச்சா வேகமாகும் தான், ஆனா பிரிண்டர் டிரைவர், ஃபான்ட், கைரேகை மெஷின் செட்டிங் எல்லாத்தையும் மறுபடி போடணும், அதுக்கு ஒரு நாள் கடைய அடைக்கணும், பொறவு கொஞ்ச மாசத்துல அதே சாமானம் எல்லாம் மறுபடி வந்து சேரும். ஏன்னா அடைப்பு எங்கன்னு யாரும் பாக்கல.

அடைப்பு எங்கன்னா, பந்திக்கு முந்துற கூட்டம் மாதிரி எல்லா புரோகிராமும் ஒரே நேரத்துல டிஸ்க்கை தேடி ஓடி வருது. பழைய ஹார்ட் டிஸ்க்குல ரீட் பண்ற ஹெட்டு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகந்து போய் தான் படிக்க முடியும், ஒரே சமயத்துல பத்து புரோகிராம் கேட்டா அது அங்கயும் இங்கயும் ஓடியே நேரம் போயிரும், படிக்கிறது கொஞ்சம் அலையுறது அதிகம். ரேம் 4 ஜிபி தான்னா இடம் பத்தாம அதுக்கும் டிஸ்க்கையே கேக்கும். நகர்ற ஹெட்டே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டா இந்த அலைச்சல் இல்ல, அதனால தான் எஸ்எஸ்டி மெஷின்ல இந்த பிரச்சினை அவ்வளவா தெரியாது.

ஆட்டோரன்ஸுக்கு போறதுக்கு முன்னால டாஸ்க் மேனேஜர் பத்தி சொல்லிறேன், ஏன்னா பாதி பேருக்கு அதுவே போதும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா வரும், அதுல ஸ்டார்ட்அப்னு ஒரு டேப் இருக்கு, விண்டோஸ் 8ல இருந்து இது உண்டு, அதுக்கு முன்னால எம்எஸ்கான்ஃபிக்ல பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நேரா ஹை, மீடியம், லோன்னு இம்பாக்ட் போட்டிருக்கும். அது சும்மா போடுறது இல்ல, கணக்கு உண்டு: ஆன் ஆகும்போது ஒரு செகண்டுக்கு மேல சிபியு நேரம் எடுத்தாலோ 3 எம்பிக்கு மேல டிஸ்க்குல படிச்சு எழுதுனாலோ ஹை, 300 மில்லி செகண்டுக்கு கீழ, 300 கேபிக்கு கீழ இருந்தா லோ, நடுவுல உள்ளது மீடியம். ஹைன்னு போட்டு நீங்க தினமும் தொடாதது இருந்தா ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் குடுத்திருங்க.

ஆனா டாஸ்க் மேனேஜர் காட்டுறது வாசல் வழியா வர்றவங்கள மட்டும் தான். விண்டோஸ் தன்னோட செட்டிங்கை எழுதி வைக்கிற ரிஜிஸ்ட்ரியில உள்ள ரன் கீ, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், இந்த மாதிரி இடத்துல இருக்கிறத அது காட்டும். ஜன்னல் எதுவும் காட்டாம பின்னால சர்வீஸா பதிஞ்சு ஓடுறது, டாஸ்க் ஷெட்யூலர்ல லாக்இன் ஆனதும் ஓடுன்னு எழுதி வச்சுக்கிட்டது, எக்ஸ்புளோரர்ல ஒட்டிக்கிட்டு ரைட் கிளிக் மெனுவுல வந்து உக்காந்தது, பிரிண்டர் மானிட்டர், இதெல்லாம் அந்த லிஸ்ட்ல வராது. பல சாஃப்ட்வேருக்க அப்டேட்டர் இப்பம் சர்வீஸ் வழியாவும் ஷெட்யூலர் வழியாவும் தான் வருது. மச்சானுக்க மெஷின்ல டாஸ்க் மேனேஜர்ல எல்லாத்தையும் டிசேபிள் பண்ணிட்டும் மெதுவா தான் இருந்திச்சு, காரணம் இதுதான்.

ஆட்டோரன்ஸ் இந்த எல்லா இடத்தையும் ஒண்ணா தொறந்து காட்டும். இத எழுதுனவங்க மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும், 1996ல சிஸ்இன்டர்னல்ஸ் சைட்டை ஆரம்பிச்சவங்க. 2006ல மைக்ரோசாஃப்ட் அத வாங்கிருச்சு. ருசினோவிச்னா 2005ல சோனி பிஎம்ஜி மியூசிக் சிடி வழியா கம்ப்யூட்டர்ல ஒளிஞ்சு உக்காந்த ரூட்கிட்டை கண்டுபிடிச்சு ஊருக்கு சொன்னவரு, ஒளிஞ்சு ஓடுறத வெளிய கொண்டு வர்றதுல அவருக்கு அப்பிடி ஒரு கைப்பழக்கம். அதனால தான் இந்த டூல் மேல எனக்கு முழு நம்பிக்கை. இறக்கும்போது மைக்ரோசாஃப்ட் பக்கத்துல இருந்து மட்டும் இறக்குங்க, கூகுள்ல மேலால வர்ற பிசி கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் விளம்பரத்த தொடாதீங்க, அதுகளே ஸ்டார்ட்அப்ல ஏறி உக்காந்துக்கிடும்.

ஜிப்பை பிரிச்சா உள்ள கொஞ்சம் ஃபைல் இருக்கும், 64னு போட்டது தான் இப்பம் உள்ள மெஷினுக்கு. ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து தொறங்க, இல்லன்னா சில டிக்கை எடுக்கும்போது அனுமதி இல்லன்னு நிக்கும். தொறந்ததும் முதல்ல பயம் வரும், உள்ளத சொல்றேன், மேல பத்து பதினஞ்சுக்கு மேல டேப், கீழ நூத்துக்கணக்குல வரி, மஞ்சள் ரோஸ்னு கலர் வேற. பயப்படாதீங்க. ஆப்ஷன்ஸ் மெனுவுல ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணுங்க, விண்டோஸுக்கு சொந்தமானது எல்லாம் மறைஞ்சு வெளியில இருந்து வந்ததுக மட்டும் மிஞ்சும், லிஸ்ட் சட்டுன்னு சின்னதாயிரும். கூடவே அதே மெனுவுல ஸ்கேன் ஆப்ஷன்ஸ் உள்ள இருக்கிற வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸையும் டிக் பண்ணிட்டு ரீஸ்கேன் குடுங்க.

மஞ்சள் கலர்ல இருந்தா அந்த என்ட்ரி சொல்ற ஃபைல் அந்த இடத்துல இல்லன்னு அர்த்தம். சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனா அது எழுதி வச்ச வரி மட்டும் மிச்சம் கெடக்கு. ரோஸ் கலர்ல இருந்தா அந்த ஃபைல்ல கம்பெனி பேரு இல்ல, இல்லன்னா டிஜிட்டல் கையெழுத்து சரியா இல்ல. ரோஸ் கலர்னா வைரஸ்னு உடனே முடிவு கட்டாதீங்க, நம்ம ஆளுங்க எழுதுன சின்ன சின்ன சாஃப்ட்வேர் பலதும் கையெழுத்து இல்லாம தான் வரும். அது எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு பாத்து முடிவு பண்ணணும்.

இப்பம் முக்கியமான விஷயத்துக்கு வாறேன், எத நிறுத்தணும் எத விடணும். நெட்ல தேடுனா ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் போட்டிருப்பாங்க, அத பாத்து அப்பிடியே டிக்கை எடுக்காதீங்க, அவங்க மெஷின் வேற நம்ம மெஷின் வேற. நான் ஒவ்வொரு வரியிலயும் நின்னு கேக்கிறது ஒண்ணு தான், இத நான் தொறக்காமலே இது பின்னால ஓடிக்கிட்டு இருந்தா தான் என் வேலை நடக்குமா? ஆமான்னா விடு. இல்லன்னா நிறுத்து, வேணும்போது டபுள் கிளிக் பண்ணி தொறந்துக்கிடலாம். டிக்கை எடுத்தா சாஃப்ட்வேர் அழிஞ்சு போயிரும்னு மச்சான் கடையில டைப் அடிக்கிற பிள்ளை பயந்துக்கிட்டே இருந்திச்சு, அப்பிடி இல்ல, தானா ஓடுறது மட்டும் தான் நிக்கும், சாஃப்ட்வேர் அங்கயே இருக்கும்.

இந்த கேள்விய வச்சு பாத்தா தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் கட்டாயம் ஓடணும். என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ அழகியோ எதுவா இருந்தாலும் அது பின்னால ஓடுனா தான் கீபோர்டுல தமிழ் வரும், டிடிபி கடையில அத நிறுத்துனா காலையில வந்து உக்காந்ததும் "அண்ணே தமிழ் வரல"ன்னு தான் முதல் சத்தம் கேக்கும். வெளியூர்க்காரங்க எழுதுற எந்த ஸ்டார்ட்அப் லிஸ்ட்லயும் இத பத்தி ஒரு வரி இருக்காது. அதே மாதிரி கைரேகை மெஷினுக்க ஆர்டி சர்வீஸ். ஆதார் கைரேகை வச்சு பண்ற வேலை எல்லாத்துக்கும் அது சர்வீஸா ஓடிக்கிட்டு இருக்கணும், சர்வீசஸ் டேப்ல அந்த பேரு தெரிஞ்சா கைய எடுத்திருங்க. ஜிஎஸ்டி, டெண்டர்னு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்துறவங்க அந்த டோக்கனுக்க புரோகிராமையும் விட்டிருங்க. லேப்டாப்னா டச்பேட் டிரைவர், ஆடியோ டிரைவர் சம்பந்தப்பட்டதும் அப்பிடித்தான். ஆன்டிவைரஸை ஒருநாளும் இதுல நிறுத்தாதீங்க, வேண்டாம்னா முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

நிறுத்த வேண்டியது எதுன்னா, பிரிண்டர் கூட வர்ற ஸ்டேட்டஸ் மானிட்டர், இங்க் வாங்குன்னு சொல்ற சாமானம், ஸ்கேனர் பட்டனை காத்துக்கிட்டு இருக்கிற சாமானம். இதுக எதுவும் இல்லாமலே பிரிண்ட் வரும், பிரிண்டர் டிரைவர் வேற, இது வேற. மச்சானுக்க மெஷின்ல ஒரு பழைய பிரிண்டர், அது கடையில இருந்து போய் ரொம்ப நாளாச்சு, அதுக்க மானிட்டர் இன்னும் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சு இல்லாத பிரிண்டரை தேடிக்கிட்டு இருந்திச்சு. அந்த வரியில கிளிக் பண்ணுனா கீழ பகுதில ஃபைல் பேரு, வெர்ஷன், எந்த ஃபோல்டர், எந்த கமாண்ட்ல ஓடுதுன்னு முழுசா வந்திச்சு. "சவத்த எடுத்து தூரப் போடு"ன்னாரு மச்சான். பொறவு மியூசிக் ஆப், கேம் லாஞ்சர், சேட் ஆப், ஃபோனை கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ண எப்பமோ போட்ட சூட், இதெல்லாம் தொறந்தா போதும், காலையிலேயே எந்திரிக்க வேண்டாம். கிளவுடு சிங்க் மட்டும் யோசிச்சு பண்ணுங்க, கடை ஃபைல் எல்லாம் அதுல பேக்கப் ஆகுதுன்னா நிறுத்துனா பேக்கப்பும் நின்னு போயிரும், யாரும் கவனிக்க மாட்டோம்.

அப்டேட்டர் விஷயத்துல நான் பலர்கிட்ட இருந்து மாறுபடுவேன். அப்டேட்டர் எல்லாத்தையும் கண்ண மூடிக்கிட்டு நிறுத்துன்னு சொல்றவங்க உண்டு. பிரவுசர் அப்டேட்டை நிறுத்தாதீங்க. பேங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் பிரவுசர்ல தான் நடக்குது, அது பழசா இருக்கிறது ஆபத்து. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திருச்சு, அதுலயே ஓட்டிக்கிட்டு இருக்கிற மெஷின்னா பிரவுசராவது புதுசா இருக்கணும். பிடிஎஃப் ரீடர் மாதிரி உள்ளதுக்கும் அப்டேட் வேணும் தான், அது தொறக்கும்போது பாத்துக்கிட்டா போதும்னு அந்த சாஃப்ட்வேர்லயே செட்டிங் இருந்தா அத வைங்க.

பெண்டிரைவ் வாங்கி பிரிண்ட் போடுற கடைக்காரங்க இந்த பகுதிய கவனமா படிங்க. ஷார்ட்கட் வைரஸ்னு சொல்லுவாங்கல்ல, பெண்டிரைவ்ல உள்ள ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும், ஃபைலை மறைச்சு வச்சிருக்கும். அதுல பல ரகம் ஆப்டேட்டா ஃபோல்டர்லயோ டெம்ப் ஃபோல்டர்லயோ ஒரு சின்ன விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஃபைலை போட்டுட்டு, ஸ்கிரிப்டை ஓட்டுற டபிள்யூஸ்கிரிப்ட் வழியா அத ஆன் ஆகும்போதெல்லாம் ஓடும்படி எழுதி வச்சிரும். பெண்டிரைவை எத்தனை தடவை சுத்தம் பண்ணுனாலும் மறுபடி மறுபடி வர்றதுக்கு காரணம் இந்த வரிதான். ஆட்டோரன்ஸ்ல லாகான் டேப்ல அர்த்தமில்லாத எழுத்து கலந்த பேருல, டெம்ப் ஃபோல்டரை காட்டிக்கிட்டு ஒண்ணு நின்னா அது தான் ஆளு. இங்க மட்டும் ஹைட் மைக்ரோசாஃப்டை எடுத்துட்டு பாக்கிறது நல்லது, ஏன்னா டபிள்யூஸ்கிரிப்ட் விண்டோஸுக்கு சொந்தமானது. ரைட் கிளிக்ல ஜம்ப் டு இமேஜ் குடுத்தா ஃபைல் இருக்கிற ஃபோல்டருக்கே கூட்டிட்டு போகும். சந்தேகம் இருந்தா செக் வைரஸ்டோட்டல்னு இருக்கு, ஃபைலுக்க கைரேகை மாதிரி உள்ள ஹேஷை மட்டும் அனுப்பி எத்தனை ஆன்டிவைரஸ் எஞ்சின் இத வைரஸ்னு சொல்லுதுன்னு பக்கத்துலயே காட்டும். எழுபதுல ஒண்ணு ரெண்டு சொன்னா பெரும்பாலும் தப்பான எச்சரிக்கையா இருக்கலாம், நிறைய எஞ்சின் சேர்ந்து சொன்னா யோசிக்க வேண்டாம்.

குறை இல்லையான்னா இருக்கு. எல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் டெக்னிக்கல் இங்கிலீஷ்ல தான் இருக்கு, எந்த வரிக்கும் இது என்ன, நிறுத்துனா என்ன ஆகும்னு ஒரு விளக்கம் கிடையாது, சர்ச் ஆன்லைன் குடுத்து நாமதான் தேடி படிக்கணும். டாஸ்க் மேனேஜர் மாதிரி ஹை, லோன்னு இம்பாக்ட்டும் சொல்லாது. எனக்கு இதுல பெரிய கவலை என்னன்னா, மியூசிக் ஆப்புக்க டிக்கும் டிஸ்க் டிரைவருக்க டிக்கும் பாக்க ஒரே மாதிரி இருக்கு. தெரியாத ஆளு தப்பான டிக்கை எடுத்தா அடுத்த தடவை விண்டோஸே எந்திரிக்காம போகலாம். அதனால லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ் இந்த மூணு டேப்போட நில்லுங்க. டிரைவர்ஸ், பூட் எக்ஸிக்யூட், வின்லாகான், எல்எஸ்ஏ, வின்சாக் பக்கம் போகாதீங்க. பூட் எக்ஸிக்யூட்ல ஆட்டோசெக்னு ஒரு வரி நிக்கும், கரண்டு திடீர்னு போயி டிஸ்க்குல கோளாறு வந்தா ஆன் ஆகும்போது சரி பாக்கிறது அது தான், நம்ம ஊருக்கு அது கட்டாயம் வேணும். டிக் எடுக்கிறதுக்கும் டெலிட் குடுக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு, டிக்கை எடுத்தா திரும்ப போட்டுக்கிடலாம், டெலிட் குடுத்தா அந்த வரியே போயிரும். மஞ்சள் வரியக்கூட முதல்ல டிக் மட்டும் எடுத்து ஒரு வாரம் ஓட்டி பாத்துட்டு பொறவு டெலிட் பண்ணுங்க.

இன்னொரு குழப்பம், ஆட்டோரன்ஸ்ல டிக்கை எடுத்தா அந்த வரிய அது தனியா ஆட்டோரன்ஸ்டிசேபிள்டுன்னு ஒரு இடத்துக்கு நகத்தி வச்சிரும், அதனால டாஸ்க் மேனேஜர்ல அது காணாம போயிரும். நீங்க ஆட்டோரன்ஸ்ல நிறுத்துனத வேற ஒருத்தர் வந்து டாஸ்க் மேனேஜர்ல தேடுனா கிடைக்காது. எதுல நிறுத்துறீங்களோ அதுலயே திரும்ப போடுங்க.

கை வைக்கிறதுக்கு முன்னால ஃபைல் மெனுவுல சேவ் குடுத்து இப்பம் உள்ள நிலமைய ஒரு ஃபைலா வச்சுக்கிடுங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்ச வசதி. ஒரு மாசம் கழிச்சு கம்பேர் குடுத்து அந்த பழைய ஃபைலை காட்டுனா புதுசா வந்தது எல்லாம் பச்சை கலர்ல நிக்கும். யாரு புதுசா ஏறி உக்காந்திருக்கான்னு ஒரே பார்வையில தெரிஞ்சிரும், மச்சான் இப்பம் இத அவரே பண்றாரு, "இது கொள்ளாமே"ன்னு எங்கிட்ட ஃபோன்ல சொன்னாரு.

வேகம் கூடிச்சான்னு கண்ணால பாத்து சொல்றத விட கணக்கா பாக்க வழி இருக்கு. விண்டோஸ் தன்னோட பதிவுகள காட்டுற ஈவென்ட் வியூவர தொறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபாமன்ஸ், ஆபரேஷனல்னு உள்ள போனா ஈவென்ட் 100ல பூட் ஆக எத்தனை மில்லி செகண்டு ஆச்சுன்னு எழுதியிருக்கும். மாத்துறதுக்கு முன்னால உள்ள நம்பரையும் பின்னால உள்ளதையும் வச்சு பாருங்க. டிக்கை எடுத்த பொறவு ஷட்டவுன் பண்ணாம ரீஸ்டார்ட் குடுங்க, ஏன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணும்போது விண்டோஸ் தன்னோட அடிப்பகுதிய டிஸ்க்குல சேமிச்சு வச்சு அடுத்த நாள் அதையே எடுத்து போடும், சர்வீஸ்ல பண்ணுன மாத்தம் அதுல சரியா தெரியாது.

மச்சானுக்க மெஷின் இப்பம் டெஸ்க்டாப் வந்ததும் வேலை பாக்கிற நிலமையில இருக்கு, ஃபார்மட் அடிக்கல, கடைய அடைக்கல. எஸ்எஸ்டி போட்டா இன்னும் நல்லா இருக்கும், அதையும் போடச் சொல்லியிருக்கேன், இந்த டூல் அதுக்கு மாத்து கிடையாது. ஆனா எஸ்எஸ்டி போட்ட மெஷின்லயும் யாரு ஓடுறாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது நல்லது தான்.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை குறைச்சது விளக்கம் இல்லாததுக்கும் ஆபத்தான டேப்ப தனியா பிரிச்சு வைக்காததுக்கும். கடை வச்சிருக்கவங்க, நாலு பேரு வீட்டு கம்ப்யூட்டரை பாத்து குடுக்கிறவங்க கட்டாயம் பெண்டிரைவ்ல ஒண்ணு வச்சுக்கிடுங்க. கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதவங்க டாஸ்க் மேனேஜரோட நில்லுங்க, கூடவே செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதில கீழ போனா ஸ்டார்ட்அப் ஆப் நோட்டிஃபிகேஷன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத ஆன் பண்ணி வைங்க, புதுசா எதாவது ஸ்டார்ட்அப்ல சேந்தா அப்பமே உங்ககிட்ட சொல்லும்.